மாமனார் வாசல்வரை நான்கு டயர்

காருக்கு வெளியே நின்ற சவுக்கு மரங்கள் திடீரென்று வளர ஆரம்பித்தன. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நான் அதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, மரம் எதுவும் வளரவில்லை, நான்தான் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

“இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுங்க மாமா,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், என் மனைவியின் தம்பி.

கொடுத்தேன். பின்சக்கரங்கள் இரண்டும் கோழி குப்பையைக் கிளறுவதுபோல மணலைக் கிளறி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மேல் வாரி இறைத்தன. வண்டி முன்பக்கம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. கீழ்ப்பக்கம் மட்டும் நல்ல முன்னேற்றம்.

ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி அது. அந்த மாதிரி வண்டிகள் விளம்பரத்தில் பாறை மேல் நிற்கும், ஆற்றைக் கடக்கும். என்னிடம் வந்தபிறகு அது கடந்ததெல்லாம் திண்டிவனம் மேம்பாலம்தான். பழைய வண்டியாக வாங்கியது. பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கிற வகை. டயர்கள் நான்கும் என் தலையைப் போலவே வழுக்கை. இருந்தும் அதை மணலில் இறக்கினேன் என்றால் ஒரு காரணம் இருந்தது. காரணம் எதிரே, தன் வீட்டு வாசலில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் மாமனார்.

திண்டிவனத்தில் எனக்கு ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா, கட்சிக்காரர் பிறந்தநாள் சுவரொட்டி, எது வந்தாலும் அடிப்போம். பிறந்து வளர்ந்தது விழுப்புரத்தில், ரயில் சத்தத்துக்கு நடுவில். மணல் என்றால் எனக்கு வீடு கட்டுகிற இடத்தில் குவித்து வைத்திருக்கிற பொருள். தொண்ணூற்று மூன்றில் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு பெண், பெரியப்பா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தாள். நான் கொடுத்த மாதிரித்தாளில் பேனாவால் பிழைகளைச் சுழித்துச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாள். அதில் விழுந்தவன்தான். இன்றுவரை என்னைச் சுழித்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய அப்பா ஆயுசெல்லாம் படகில் சுக்கான் பிடித்தவர். எத்தனையோ புயலுக்குத் தப்பி வந்தவர், மகன் ஆசையாகப் போட்ட வழுவழு தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பாண்டிச்சேரியில் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு கூடிவிடும் என்றார் மருத்துவர். ஆனால் கால் வேலை செய்ய வேண்டுமானால் வாரம் இரண்டு முறை உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இப்போது விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் கடைசிவரைக்கும் வாக்கர்தான் கால். சிகிச்சை நிலையம் திண்டிவனத்தில், என் அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே இருக்கிற கம்பி, கப்பி, கயிறு எதுவும் குப்பத்துக்கு நடந்து வராது.

எங்கள் வீட்டிலேயே வந்து தங்கட்டும் என்றுதான் நான் சொன்னேன். தங்கினார். மூன்றாம் நாள் காலையில், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றார். “இன்னா மாமா, வலியா?” என்று கேட்டேன். “சத்தமே இல்ல மாப்ள. கடல் நின்னுபோச்சோன்னு பயமா இருக்குது,” என்றார். அதற்கு மேல் அவரை வைத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை.

அன்று ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். தார்ச் சாலையிலிருந்து அவர் வீடு கூப்பிடு தூரம்தான், ஆனால் முழுக்க மணல். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மணலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியை அணைத்துவிட்டார். நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமா வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்த ஒரு கிழவி விஷயம் தெரியாமல் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். மாமா தலையைத் தூக்கி, “இன்னும் சாவலடி, சும்மா இரு!” என்று அதட்டினார். ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வீட்டுக் கட்டிலில் இறக்கியதும் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

“இந்த மண்ணுல என்னத் தூக்கிக்கினு போறது இனிமே ஒரே ஒரு தடவதான். அன்னிக்கி நான் கண்ணு தொறந்து பாக்க மாட்டேன். அதுவரைக்கும் எவனும் தூக்கக் கூடாது. வாசல்ல வண்டி வந்தா ஏறுறேன். வரலன்னா போவல.”

போகவில்லை. ஆட்டோ வந்து புதைந்தது. மோட்டார் சைக்கிளில் அவரால் உட்கார முடியாது. படகு இழுக்கிற டிராக்டரைக் கொண்டுவரலாம் என்றான் மச்சான். இடுப்பு முறிந்தவரை அதில் எப்படி ஏற்றுவது என்று கேட்டதற்கு, தூக்கித்தான் என்றான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒரு வாரம் போயிற்று. அப்போதுதான், நம்மிடம்தான் மலையேறுகிற வண்டி இருக்கிறதே என்ற எண்ணம் எனக்கு வந்தது. என் எண்ணங்கள் எல்லாமே புறப்படும்போது நன்றாகத்தான் இருக்கும்.

புதைந்த வண்டியைப் பார்க்கக் குப்பத்து ஆண்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் குனிந்து அடியில் பார்த்தார். “மாப்ள நங்கூரம் பாய்ச்சிட்டாரு,” என்றார். இன்னொருவர், “கட்டுமரம் வாங்கியிருந்தாகூட இந்நேரம் போய்ச் சேந்திருக்கும்,” என்றார். பிறகு படகு இழுக்கிற கயிற்றைக் கொண்டுவந்து வண்டியின் பின்பக்கம் கட்டினார்கள். சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தார்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்து, படகைக் கரையேற்றுவதுபோலவே என் வண்டியைத் தார்ச் சாலைக்கு இழுத்தார்கள். நான் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மாட்டுவண்டியில் போகிற மணமகனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

இழுத்து முடித்ததும் யாரும் கலையவில்லை. வண்டியைச் சுற்றி நின்றார்கள். எனக்குப் புரியவில்லை. மச்சான் காதில் வந்து சொன்னான். அந்த ஊரில் ஒரு வழக்கம். படகைக் கரையேற்றும்போது கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும், வழியோடு போனவராகவே இருந்தாலும், அந்தப் படகு கொண்டுவந்ததில் ஒரு கை அவருக்கு உண்டு.

“கார்ல மீன் எங்கடா இருக்குது?” என்றேன்.

“இருக்கறதக் குடுங்க மாமா.”

பின்கதவைத் திறந்தேன். அனந்தபுரத்துக்காரர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, நல்லாயிருக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு பேர் நிஜமாகவே போய், மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மணமகன் வீட்டார் அவர்களைப் பெண் வீடு என்று நினைத்தார்களாம். பெண் வீட்டார் மணமகன் வீடு என்று.

இவ்வளவையும் மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சலவை வேட்டி, சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, எல்லாம் தயாராக. வண்டி சாலைக்குத் திரும்பியதும் உள்ளே போனார். நான் நடந்து போய்ப் பார்த்தபோது கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். “பரவால்ல மாப்ள. நீங்க இன்னா பண்ணுவீங்க,” என்றார். திட்டியிருந்தால் தேவலை. அந்தச் சட்டையை மடித்து அவர் தலையணைக்கு அடியில் வைத்ததைப் பார்த்தபோது முடிவு செய்தேன். எந்த டயர் போட்டாவது இந்த வாசலில் இந்த வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை.

மறுநாள் காலையிலேயே விழுப்புரம் புறப்பட்டோம், நானும் மனைவியும். டயர் கடை திண்டிவனத்திலும் உண்டு. ஆனால் பிறந்த ஊரில் ஏமாந்தால் சொந்தக்காரனிடம் ஏமாந்த மாதிரி ஒரு திருப்தி இருக்கும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய கடை. கடைக்காரர் என் டயரை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

“இன்னா சார், குழந்த கன்னம் மாதிரி இருக்குது. இதுலயா ஓட்டிக்கினு வந்தீங்க?”

“மணல்ல போவணும். அகலமா ஒரு டயர் வேணும்.”

“எந்த மணல்ல?”

“மாமனார் வீட்டு மணல்ல.”

“அப்பக் கௌரவமாத்தான் போடணும்,” என்று சொல்லிவிட்டு விளக்க ஆரம்பித்தார். டயரின் விலாவில் எண்கள் எழுதியிருக்கும். முதல் எண் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். என் வண்டியில் இருந்தது இருநூற்றுப் பதினைந்து. அதற்கு அடுத்து இருநூற்று முப்பத்தைந்து. அகலம் கூடக்கூட வண்டியின் கனம் மணலில் பரவும், பரவினால் புதையாது. அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நான் சொன்னேன்: “இதவிடப் பெரிசு இல்லியா?”

அவர் முகம் மலர்ந்தது. மேல் அடுக்கிலிருந்து ஒன்றை இறக்கி உருட்டிவிட்டார். இருநூற்று அறுபத்தைந்து. கட்டை கட்டையாகப் பல் வைத்து, பார்த்தாலே மணல் பயந்து வழிவிடும்போல இருந்தது.

“இதப் போட்டா வண்டி யான மாதிரி நிக்கும் சார்.”

என் மனைவி மட்டும் டயரைப் பார்க்காமல், வண்டியின் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “திருப்புனா உள்ள இடிக்காதா?” என்றாள்.

“இடிக்காதும்மா. இடிச்சா உள்ள இருக்கற பிளாஸ்டிக்கக் கொஞ்சம் வெட்டி உட்டுக்கலாம்.”

“இடிக்காதுன்றீங்க. அப்பறம் வெட்டலாம்ன்றீங்க. ரெண்டுல எது?”

“நீ கொஞ்சம் சும்மா இரு,” என்றேன் நான். கடைக்காரர் என்னைப் பாசத்தோடு பார்த்தார். வாடிக்கையாளரில் இப்படி ஓர் ஆள் தினமும் வந்தால் போதும் என்கிற பார்வை.

விலை சொன்னார். அதை இங்கே எழுதினால் எனக்கு மறுபடியும் வயிறு எரியும், விட்டுவிடுகிறேன். நான்கும் மாட்டியாயிற்று. நெடுஞ்சாலையில் திண்டிவனம் திரும்பும்போது நான் ஓட்டவில்லை, எழுந்தருளினேன் என்றுதான் சொல்ல வேண்டும். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேர்ச் சாலை, ஒரு திருப்பம் கிடையாது. இவ்வளவு நாள் இதை ஏன் போடாமல் இருந்தோம் என்று மனைவியிடம் கேட்டேன். “ஏதோ சத்தம் கேக்குது,” என்றாள். என்ன கேட்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவுக்குள் திரும்ப ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தபோது தெரிந்தது. கர்ர்ர்ரென்று ஒரு சத்தம், மாவு மெஷினுக்குள் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, ஓட்டோடு கொட்டினால் வருமே அந்த மாதிரி. வாசல்களில் தலைகள் முளைத்தன. பின்னால் எடுத்துத் திருப்பினேன். கர்ர். இந்தப் பக்கம் ஒடித்தேன். கர்ர்ர். கடைசியில் பாதி ஒடித்து, பின்னால் வந்து, பாதி ஒடித்து, முன்னால் போய், ஒரு கல்யாண ஊர்வலம் திரும்புகிற நேரத்தில் என் வண்டி தெருவுக்குள் நுழைந்தது.

மனைவி இறங்கிக் கதவைச் சாத்தினாள். “ஊர்ல எவன் பத்திரிகை அடிக்க வந்து பேரப் பெரிசாப் போடுங்கன்னாலும், ‘ஓரம் வெட்டுல போயிடும்ங்க, தாளுக்கு ஏத்த எழுத்துதான் போடணும்’னு அர மணி நேரம் பாடம் நடத்துவீங்களே. அந்தாளு இன்னிக்கி எங்க போனாரு?”

பதில் சொல்ல முடியாத கேள்விகளை அவள் வீட்டு வாசலில் நின்றுதான் கேட்பாள். எதிர்வீட்டுக்காரருக்கும் பயன்படட்டும் என்று.

பின்வாங்கினேனா? இல்லை. மறுநாள் அதே வண்டியில், திருப்பம் குறைவான சந்துகளாகப் பார்த்துப் பார்த்து, விழுப்புரம் போனேன். கடைக்காரர் கையை விரித்தார். ஒரு நாள் ஓடினாலும் ஓடின டயர்தான், எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கை வெட்டலாம் என்றார். வெட்டினாலும் என் ரிம்முக்கு அது ரொம்பப் பெரிசு, உட்காருகிற விதமே சரியில்லை என்பதை அப்போதுதான் சொன்னார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். “நீங்க ஆசப்பட்டீங்களே சார்,” என்றார். ஆசைப்பட்டேன்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டயர் மாறாமல் எழுந்திருப்பதில்லை. பையிலிருந்த பத்திரிகை மாதிரித்தாள்களை எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரும், “சார் இன்னா, புதுசா வேலைக்கு வந்திருக்காரா?” என்று விசாரித்தார். நானும் முந்தைய நாள் படித்த பாடத்தை அவர்களுக்கு ஒப்பித்தேன்: “பெரிசாப் போடாதீங்க, திருப்பிப் பாத்துட்டுப் போடுங்க.” இரண்டு பேர் யோசித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் கடைக்காரர் டீ வரவழைத்தார்.

டீ குடிக்கும்போது என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தவர், “இது இன்னா, காதுகுத்துப் பத்திரிகையா? எம்பேரனுக்கும் வருது சார்,” என்றார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. பேரனுடைய காதுகுத்துக்கு நான் பத்திரிகை அடித்துக் கொடுப்பது. அவர் யானையை இறக்கிவிட்டு இருநூற்று முப்பத்தைந்தை ஏற்றிக் கொடுப்பது. மாட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு சக்கரத்தில் போடச் சொல்லி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, வளைவுக்குள் என் கையை விட்டுப் பார்த்தேன். விரல்கள் தாராளமாகப் போய் வந்தன. அகலம் கூடினாலும் டயரின் உயரம் பழையபடியே இருக்கிற அளவாக அவரே பார்த்து எடுத்தார். இல்லாவிட்டால் வேகம் காட்டுகிற முள் பொய் சொல்லுமாம். என் வண்டியில் பொய் சொல்ல நான் ஒருவனே போதும்.

“டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும் சார்,” என்றார் கடைசியாக. குடிக்கட்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி சொன்னாள், டயர் மட்டும் போதாது, காற்றையும் குறைக்க வேண்டும் என்று. “ஸ்கூலுக்குச் சைக்கிள்ல போவும்போது மணல் வந்தா காத்த எறக்கிட்டுத்தான் மிதிப்போம். டயரு சப்பட்டையாப் பரவிக்கும். ரோடு வந்தா பம்பு அடிச்சுக்குவோம்.”

“இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ செலவு ஆயிருக்காதே?”

“மொழுக்கட்ட டயருக்குக் காத்த எறக்கி இன்னா பண்றது? அது ரோட்லயே வழுக்குது.”

சரிதான். காரின் சிகரெட் பற்றவைக்கிற துளையில் சொருகிக் காற்றடிக்கிற சின்ன மெஷின் ஒன்றும், காற்றளவு பார்க்கிற கருவி ஒன்றும் வாங்கிக்கொண்டோம். தார்ச் சாலை முடிகிற இடத்தில் நிறுத்தி, முப்பத்திரண்டு இருந்த காற்றைப் பதினெட்டுக்கு இறக்குவது; திரும்பி வந்ததும் மறுபடி ஏற்றுவது. மணலில் இறங்கியபின் ஒரே ஒரு விதி: எதற்காகவும் நிறுத்தக் கூடாது. ஓடுகிற வரைதான் வண்டி மேலே நிற்கும். நின்றால் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை. உப்பளங்களைத் தாண்டி, குப்பத்துக்குத் திரும்புகிற இடத்தில் காற்றை இறக்கினோம். இரண்டாவது கியரில் மணலுக்குள் விட்டேன். வண்டி லேசாக ஆடியது, படகு ஆடுவதுபோல. ஆனால் சவுக்கு மரங்கள் எதுவும் வளரவில்லை. தோப்பு முடிந்து, வலை காயப்போடுகிற இடம் தாண்டி, மாமா வீட்டு வாசலில் இருந்த சிமென்ட் தரையில் ஏறி நின்றபோது நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஆடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது.

மாமா ஏற்கெனவே சட்டை போட்டிருந்தார். வாக்கரோடு வந்து, சீட்டில் முதுகை வைத்து உட்கார்ந்து, தன் காலைத் தானே இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். யாரையும் தொடவிடவில்லை. மனைவியும் மச்சானும் பின்னால் ஏறினார்கள். சிமென்ட் மேலேயே திருப்பிக்கொண்டு புறப்பட்டோம்.

பாதி வழியில், மணலுக்கு நட்டநடுவே, ஆரத்தித் தட்டோடு அத்தை நின்றாள்.

மாமாவின் அக்கா. தம்பி பிழைத்தெழுந்து முதன்முதலாக வெளியே போகிறான், திருஷ்டி கழிக்காமல் அனுப்ப முடியுமா? அது அந்த ஊரில் யாருக்கும் தோன்றுகிற நியாயம்தான். பின்னால் இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் பூசணிக்காய். கற்பூரம் எரிகிறது. தட்டைப் பார்த்தால் எந்த வண்டியும் நின்றுதானே ஆக வேண்டும் என்கிற நம்பிக்கையில் அத்தை அசையாமல் நின்றாள்.

நின்றால் புதையும். புதைந்தால் மாமாவைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். நிற்காவிட்டால் ஆரத்தியை மதிக்காமல் போனவன். பெயர் கெடும் என்பது போகட்டும், அத்தை மேலேயே ஏற்றிவிடுவேன்.

“மாமா, அத்த நிக்கிறாங்க!” என்றேன்.

“பாத்துட்டேன். நிறுத்தாதீங்க,” என்றார்.

“இடமில்லயே மாமா!”

இடது பக்கம் முழுக்க வலை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு வலையின் மேல் கார் ஏறினால் அந்த ஊரில் நான் மறுபடி தலைகாட்ட முடியாது. வலது பக்கம் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. அத்தைக்கும் படகுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம், அதுவும் சட்டென்று ஒடித்துச் சட்டென்று நேராக்கினால்.

மாமா டாஷ்போர்டில் ஒரு கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைச் சுருக்கி அலையைப் பார்க்கிறவர்போல அத்தையைப் பார்த்தார். இருபது வருஷமாக என்னை நீங்க, வாங்க என்றே பேசியவர், படகில் இருக்கிற பொடியனை அதட்டுவதுபோல அதட்டினார்:

“சோத்தாங்கைப் பக்கம் ஒடி. இன்னும் ஒடி. புல்லா ஒடிடா! இப்ப நேராக்கு… வேகத்தக் கொறைக்காத… உடு, உடு, போவட்டும்!”

ஒடித்தேன். கடைசிவரை ஒடித்தேன். கர்ரென்ற சத்தம் வருகிறதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. பின்பக்கம் ஒரு குலுங்கு குலுங்கிச் சறுக்கியது. கற்பூர வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து போயிற்று. அத்தை வாய் திறந்தபடி கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனாள். டயர் தாரில் ஏறிய சத்தம் கேட்ட பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

மனைவி இறங்கிக் காற்றடிக்கிற மெஷினைச் சொருகினாள். நான்கு டயருக்கும் ஏற்றி முடிப்பதற்குள் அத்தை தட்டோடு நடந்தே வந்து சேர்ந்துவிட்டாள். கற்பூரம் அணைந்திருந்தது. கோபம் அணையவில்லை.

“ஏண்டா தம்பி, அக்காகாரி தட்டேந்திக்கினு நிக்கிறேன். ஒரு நிமிசம் காரு நிக்காதா?”

“காரு நின்னா நான் படுத்துக்கினுதான் வரணும்க்கா,” என்றார் மாமா.

“உம் மருமவப்புள்ளைக்கிக் கண்ணு தெரியாதா?”

“தெரிஞ்சதாலதான் நீ தட்டோட வந்து நிக்கிற.”

அத்தை தன் இடுப்பு முடிச்சிலிருந்து புதுக் கற்பூரத்தை எடுத்து ஏற்றி, தார்ச் சாலையில் வைத்து, மாமாவுக்குச் சுற்றினாள், வண்டிக்குச் சுற்றினாள், எனக்குச் சுற்றும்போது மட்டும் தட்டை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பூசணிக்காயை என் முன்சக்கரத்துக்கு நேராகப் போட்டு உடைத்த வேகத்தில் இருந்தது பக்தி என்று நான் நினைக்கவில்லை.

திண்டிவனத்தில் அன்று சிகிச்சை நிலையத்துப் பெண் மாமாவின் காலில் கயிற்றைக் கட்டிக் கப்பியில் மாட்டி இழுக்கச் சொன்னாள். முகம் வியர்த்துக் கோணியது, கால் ஒரு சாணுக்குமேல் எழவில்லை. “வலிச்சா சொல்லுங்க ஐயா,” என்றாள். “வலிக்குது. நீ இழு,” என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் போனோம். மழை பெய்த நாள் போனோம், மணல் நனைந்திருந்தால் ஓட்டுவது சுலபம் என்று தெரிந்துகொண்டோம். கோடையில் மணல் மாவாகிவிட்ட நாள் ஒன்றில் காற்றை இன்னும் இறக்கிப் போனோம். அத்தை தன் தரப்பில் விட்டுக்கொடுத்து, சாலையோரப் புளியமரத்தடிக்கே தட்டைக் கொண்டுவர ஒப்புக்கொண்டாள். ஒரு முறைகூட அந்த வண்டியில் யாரும் கயிறு கட்டவில்லை. குப்பத்து ஆண்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். “பத்திரிகை எதுவும் இல்லியா மாப்ள?” என்று போகிற வழியில் கேட்பார்கள்.

வாக்கர் போய்த் தடி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, சாலை முடிகிற இடத்தில் நான் குனிந்து காற்றை இறக்கப் போகும்போது மச்சானிடமிருந்து போன் வந்தது.

“மாமா, அப்பா உங்கள அங்கியே நிக்கச் சொல்றாரு.”

“ஏன்டா, இன்னா ஆச்சு?”

“வாசலுக்கு வர வேணாமாம். நடந்து வர்றாராம்.”

நிமிர்ந்து பார்த்தேன். தோப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை தெரிந்தது. தடியை மணலில் ஊன்றுகிறார், அது இறங்குகிறது, பிடுங்குகிறார், மறுபடி ஊன்றுகிறார். மச்சான் நான்கடி பின்னால் வந்தான். அதைவிடக் கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு போலிருக்கிறது. வலை காய்கிற இடத்தில் நின்றார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். தடியால் தள்ளிவிட்டார்.

எனக்கு உதவிக்குப் போக வேண்டும்போல இருந்தது. மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “இருங்க,” என்றாள். அவள் கண் அவரைவிட்டு நகரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் இருந்தது. இவ்வளவு பாடுபட்டு, காதுகுத்துப் பத்திரிகையெல்லாம் அடித்துக் கொடுத்து, அகல டயர் போட்டு வைத்திருக்கிறேன், மனுஷன் நடந்து வருகிறாரே என்று.

தாரில் தடி தட்டுகிற சத்தம் கேட்டது. வந்தார். வேட்டியிலிருந்த மணலைத் தட்டினார். மூச்சு வாங்கியது. நான் கதவைத் திறக்கப் போனேன். கையால் தடுத்துத் தானே திறந்து, தானே ஏறி, காலைக் கையால் தொடாமல் உள்ளே இழுத்துக்கொண்டார்.

“இன்னா மாப்ள நின்னுக்கினு இருக்கீங்க?” என்றார். “நேரமாவுது. எடுங்க.”